போவன்பள்ளியிலிருந்து ஒரு நாள் யாத்திரை

ஊர் காணும் ஆசை மனிதனுக்கு உடன்பிறந்தது. பொருள் படைத்தவர்க்கே அது உரியது என்பது பிற்காலத்தில் தோன்றிய எண்ணம். நம் முன்னோர் காசிக்கும் கேதாரத்துக்கும் கால்நடையாகவே சென்றனர். தோளிலே ஒரு மூட்டை, கையிலே ஒரு கோல், இரவிலே ஒரு சத்திரத்துத் திண்ணை: இவையே அவர்களுடைய பிரயாண வசதிகள். இன்று இளைஞர்கள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, மலிவான விடுதியில் தங்கி, கடைத்தெருவில் கிடைத்ததை உண்டு, சிம்லாவையும் டார்ஜிலிங்கையும் அல்மோராவையும் நடந்து பார்த்துவிட்டு வருகின்றனர். இதனைப் புதுமை என்கிறோம். உண்மையில் இது பழைய வழக்கத்தின் மறுபிறப்பேயாகும்.

இவ்வாறு இமயமலை நகரங்களுக்குச் செல்பவர் அங்கே எவற்றைக் காண்கின்றனர்? பனிச் சிகரங்களை ஒருபுறம் வைத்துவிட்டு நகரத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால், ஒரு மாதாகோவில், ஒரு கடிகார கோபுரம், படைவீரர் குடியிருப்பு, பழைய பங்களாக்கள், இவற்றுக்குச் சற்றுக் கீழே நெருக்கமான ஒரு கடைவீதி ஆகியவையே எஞ்சும். இவை மலையில் தாமாக முளைத்தவை அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை சென்று தங்கிய இடங்களில் எழுந்தவை. அதே கை, ஏறத்தாழ அதே காலத்தில், தக்காணப் பீடபூமியிலும் ஒரு நகரத்தை உண்டாக்கிற்று. அந்நகரமே சிக்கந்தராபாத். இமயம் செல்ல விடுமுறையும் வண்டிச் சத்தமும் வாய்க்காதவர்கள் சிக்கந்தராபாத்தை ஒரு பகல் நடந்து பார்த்தால், இமயத்து நகரங்கள் ஏன் பிறந்தன என்ற வினாவுக்கே அங்கே விடை காணலாம்.

நடையைத் தொடங்குவதற்குத் தகுந்த இடம் போவன்பள்ளி. நகரின் வடமேற்கு எல்லையில் உள்ள இவ்வூரைத் தெலுங்கு மக்கள் போயின்பல்லி என்பர். பள்ளி என்றால் சிற்றூர். திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்ப்பெயர்களில் நாம் காணும் சொல்லும் இதுவே. ஆங்கில எழுத்தில் விழுந்தபோது இப்பெயரின் முற்பகுதி சற்றே உருமாறி, யாரோ ஓர் ஆங்கிலத் துரையின் பெயர் போல ஒலிக்கத் தொடங்கிற்று. அருகிலுள்ள திருமலைகிரி 'டிரிமல்கெரி' ஆனதும், அல்வால் 'உல்வுல்' ஆனதும் இதே முறையில்தான். பிக்கெட் என்றொரு பேட்டை, கார்கானா என்றொரு பேட்டை. முன்னது காவற்படை நிற்குமிடத்தைக் குறிக்கும் சொல்; பின்னது தொழிற்கூடத்தைக் குறிக்கும் சொல். இந்தப் பெயர்களைக் கேட்ட அளவிலேயே நாம் நிற்பது ஒரு பாளையத்து எல்லை என்பது விளங்கிவிடும்.

போவன்பள்ளியை ஊடறுத்துச் செல்லும் பெருவழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. முன்பு வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை இதுவே. 2010-ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் வழங்கப்பட்டபோது, இப்பகுதி ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் அங்கமாயிற்று. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையின் ஒரு முனையில் இமயத்து நகரம். மறு முனையில் குமரிக் கடல். இடையே, காய்கறி மூட்டைகளை இறக்கும் லாரிகள் விடியற்காலையில் வரிசையாக நிற்கும் இடம் போவன்பள்ளிச் சந்தை. விற்காமல் அழுகிய காய்கறிகளைக் கொண்டு எரிவாயுவும் மின்சாரமும் எடுக்கும் நிலையம் ஒன்று இச்சந்தையில் நடைபெறுகிறது. சந்தை வாயிலில் ஒரு குவளைத் தேநீரும் இட்டிலியும் உண்டபின் நடக்கத் தொடங்கலாம். அன்றைய செலவில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கும்.

முதலில் மேற்கே திரும்பி ஹஸ்மத்பேட்டைக்குச் செல்வோம். அங்கே போயின் செருவு என்னும் ஏரி உண்டு. அதனை அடுத்த மேட்டு நிலத்திலே, வட்டமாக அடுக்கிய பெரும் பாறைகள் காணப்படுகின்றன. அறியாதார் கண்ணுக்கு அவை வெறுங் கற்கள். தொல்பொருள் ஆராய்ச்சியாளர் அவற்றைப் பெருங்கற்காலச் சின்னங்கள் என்பர். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன், இரும்பு வழங்கத் தொடங்கிய காலத்தில் வாழ்ந்த மக்கள், இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றி இவ்வாறு கல் வட்டம் அமைத்தனர். தக்காணத்திலும் தென்னாட்டிலும் இத்தகைய குழிகளைத் தோண்டியபோது எலும்புகளுடன் இரும்புக் கருவிகளும், உட்புறம் கறுத்து வெளிப்புறம் சிவந்த மட்கலங்களும் கிடைத்துள்ளன. செங்கற்பட்டைச் சேர்ந்த சாணூரிலும், ஈரோட்டைச் சேர்ந்த கொடுமணலிலும் கல் வட்டங்களைக் கண்ட தமிழர்க்கு ஹஸ்மத்பேட்டைக் கற்கள் அந்நியமாகத் தோன்ற மாட்டா. இறந்தவனோடு அவன் பயன்படுத்திய கருவியையும் உண்ட கலத்தையும் வைத்து அனுப்பிய ஒரே வகை மனம், காவிரிக்கரை முதல் மூசிக்கரை வரை பரவியிருந்தது.

சிக்கந்தராபாத்தின் சரித்திரத்தை 1806-ஆம் ஆண்டில் தொடங்குவது நூல்களின் வழக்கம். அவ்வாண்டுக்கும் இக்கற்களுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. ஆயினும் கோட்டைக்கும் மாளிகைக்கும் கிடைக்கும் காவல் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. வீட்டு மனைகள் நான்கு புறமும் நெருங்கி வந்துவிட்டன. ஒரு கல் வட்டத்தில் இரண்டு கற்களைப் பெயர்த்து அஸ்திவாரத்தில் இட்டுவிட்டால், எஞ்சிய கற்கள் வட்டத்தின் உறுப்பு என்பதை அடுத்த தலைமுறையில் யாரும் அறிய மாட்டார். எழுத்தில்லாத காலத்தின் ஏடு இதுவே. ஒரு முறை கிழிந்தால் இதற்கு மறுபதிப்பு இல்லை.

இனிப் பாளையத்தின் கதைக்கு வருவோம். 1798-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஐதராபாத்தின் நிஜாம் அலி கான், கம்பெனியாருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதுவரை அவரிடம் பிரெஞ்சுத் தளபதிகள் பயிற்றுவித்த ஒரு பெரும் படை இருந்தது. அதன் தலைவராக விளங்கிய ரேமோன் அவ்வாண்டின் முற்பகுதியிலேயே காலமாகிவிட்டார். அக்டோபரில் அப்படை போரின்றியே கலைக்கப்பட்டது. அதற்கு ஈடாகக் கம்பெனியின் துணைப்படை நிஜாமின் நாட்டில் தங்கலாயிற்று. படை கம்பெனியுடையது, செலவு நிஜாமுடையது. 1800-ஆம் ஆண்டில் அச்செலவுக்கு ஈடாகப் பல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளையே கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. அவை சென்னை மாகாணத்துடன் சேர்ந்தன. ஒரு படையை வாடகைக்கு அமர்த்திய அரசு நாட்டின் ஒரு பகுதியையே இழந்த வரலாறு இது.

உசேன் சாகர் ஏரிக்கு வடகிழக்கே, அல்வாலை ஒட்டிய வெளியில் கூடாரம் அடித்துத் தங்கிய துணைப்படையின் இருப்பிடம், 1806-இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் சிக்கந்தராபாத் எனப் பெயர் பெற்றது. ஒரு படை தனியே வாழ்வதில்லை. பத்துச் சிப்பாய்களுக்குப் பின்னால் சமையற்காரரும், வண்ணாரும், தோல் தைப்பவரும், தானிய வணிகரும், கணக்கரும், துபாஷிகளும் சேர்ந்து வருவர். இத்துணைப்படை சென்னைப் படையைச் சேர்ந்தது. ஆகவே அதனுடன் வந்த கூட்டத்தில் தமிழர் மிகுதியாக இருந்தனர். இன்றும் வழங்கும் ரெஜிமென்டல் பஜார், ஜெனரல் பஜார் என்னும் பெயர்கள் அந்தக் கடைவீதிகள் யாரை நம்பிப் பிழைத்தன என்பதைச் சொல்லாமற் சொல்லும். தமிழர் இங்கே வேந்தராக வரவில்லை; சோறு தேடி வந்தனர். வந்தவர் திரும்பவில்லை. 1874-இல் வாடியிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் குடியேற்றம் மேலும் எளிதாயிற்று.

பாளையத்துக்கு இரு பகைகள் இருந்தன. ஒன்று மனிதப் பகை. 1857-இன் பெருங்கிளர்ச்சி எங்கும் அச்சத்தை எழுப்பிய காலத்தில் திருமலைகிரியில் அகழியும் மதிலும் அமைந்த அரண் உறுதி பெற்றது. அங்கே கட்டிய படைச் சிறைச்சாலை, அதன் கோபுர வடிவத்தால், இங்கிலாந்து அரசியின் வின்ட்சர் மாளிகையின் பெயரால் வழங்கலாயிற்று. ஆனால் துப்பாக்கியால் இறந்தவரைக் காட்டிலும் இரண்டாம் பகையால் இறந்தவரே மிகுதி. அப்பகை காய்ச்சல். ஏரிகளும் சதுப்பு நிலங்களும் சூழ்ந்த இடங்களில் மழைக்குப் பின் பாளையம் பாளையமாக வீரர் படுத்தனர். கெட்ட காற்றே இதற்குக் காரணம் என்று ஐரோப்பிய மருத்துவர் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான்.

காற்றுத்தான் குற்றவாளி என்றால், நல்ல காற்றுள்ள இடத்திற்குப் போவதுதானே மருந்து? ஆகவே மலைகள் தேடப்பட்டன. 1827-இல் முசூரியை அடுத்த லண்டூரில் நோயுற்ற படைவீரர்க்கு ஒரு தங்குமிடம் ஏற்பட்டது. 1835-இல் டார்ஜிலிங் மலை, ஆரோக்கிய நிலையம் அமைக்க வேண்டுமென்று சிக்கிம் அரசரிடமிருந்து பெறப்பட்டது. 1864 முதல் சிம்லா கோடைத் தலைநகரமே ஆயிற்று. தெற்கே உதகமண்டலம் வளர்ந்ததும் இதே எண்ணத்தால்தான். இன்று நாம் உல்லாசத்துக்காகச் செல்லும் இம்மலை நகரங்கள், அன்று சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி ஓடியவர்களின் புகலிடங்கள். அந்த அச்சத்தின் உண்மைக் காரணம் மட்டும் மலை உச்சிகளில் வெளிப்படவில்லை. அது வெளிப்பட்ட இடம், போவன்பள்ளிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேகம்பேட்டை.

அங்கே பழைய விமான நிலையத்தின் அருகில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், சர் ரொனால்டு ராஸ் பெயரைத் தாங்கிய ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. அலங்காரம் ஏதும் இல்லாத அக்கட்டடத்தை மருத்துவ உலகத்தின் புண்ணியத் தலங்களுள் ஒன்று எனலாம். ராஸ் பிறந்த இடம் இமயத்து நகரமாகிய அல்மோரா. மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த மூன்றாம் நாள், 1857 மே 13-இல், படை அதிகாரி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். மருத்துவம் பயின்று, சென்னை மாகாணத்துப் படைகளில் பணிபுரிந்தார். கவிதை எழுதுவதிலும் கணிதத்திலும் அவருக்கு இருந்த ஈடுபாடு முதலில் மருத்துவத்தில் இல்லை.

1880-இல் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில், காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது? கொசு மூலமாக இருக்கலாம் என்று லண்டனில் பாட்ரிக் மான்சன் ஊகித்தார். அந்த ஊகத்தைச் சோதிக்கும் பொறுப்பை ராஸ் மேற்கொண்டார். 1895 முதல் அவர் சிக்கந்தராபாத்தில் 19-ஆம் சென்னைக் காலாட்படையின் மருத்துவராக இருந்து கொசுக்களை அறுத்துப் பார்த்து வந்தார். எத்தனை அறுத்தும் பயனில்லை. இடையில் காலராத் தடுப்புப் பணிக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். 1897-இல் விடுப்பில் உதகைக்குச் சென்றார்; நீலகிரியின் அடிவாரத்துச் சிகூர்க் கணவாயில் அவரையே மலேரியா பற்றிக்கொண்டது. காய்ச்சலுக்கு அஞ்சி மக்கள் ஏறிய மலையின் காலடியிலேயே காய்ச்சல் காத்திருந்தது.

மீண்டும் சிக்கந்தராபாத். ஆகஸ்டு மாதப் புழுக்கம். விசிறியை அசைத்தால் கொசுவின் மெல்லிய துண்டுகள் பறந்துவிடும். ஆகவே காற்றின்றி இருந்தார். நெற்றி வியர்வை வழிந்து நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. அதன் கண்ணாடியும் விரிசல் கண்டிருந்தது. சோதனைக்கு இசைந்த நோயாளி உசேன் கான் என்பவர். கொசு ஒன்று கடித்தால் ஓர் அணா என்பது பேச்சு. ஆகஸ்டு 16-ஆம் நாள் பத்துக் கொசுக்கள் கடித்தன. பத்து அணா கிடைத்தது. அவை புள்ளியிட்ட சிறகுகளை உடையவை. இன்று அனாபிலிஸ் என நாம் அறியும் இனம். ராஸ் அதுவரை அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் வேறு இனங்கள். அதனாலேயே அவர் உழைப்பு வீணாகி வந்தது.

ஆகஸ்டு 20-ஆம் நாள், எஞ்சியிருந்த கொசுக்களுள் ஒன்றை அறுத்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் கொசுவுக்கு உரியதல்லாத வட்டமான அணுக்களைக் கண்டார். அவற்றினுள்ளே, மலேரியாக் கிருமியில் காணும் அதே கருநிறத் துகள்கள். மறுநாள் கடைசிக் கொசுவில் அந்த அணுக்கள் மேலும் பெருத்திருந்தன. கிருமி கொசுவின் உடலில் வளர்கிறது என்பது உறுதியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் இச்செய்தி வெளிவந்தது. ஆனால் ஆராய்ச்சியைத் தொடர விடாமல் அரசாங்கம் அவரை இராஜபுதனத்துக்கு மாற்றியது. பின்னர் 1898-இல் கல்கத்தாவில், முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் துணையுடன் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியாகவே கிருமி பரவுகிறது என்று நிறுவினார். மனிதரிடையேயும் அனாபிலிஸ் கொசுவே நோயைப் பரப்புவதை அதே ஆண்டில் இத்தாலிய அறிஞர் கிராஸியும் அவருடைய தோழர்களும் காட்டினர். 1902-இல் ராஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இதில் எண்ணத்தக்கது ஒன்று உண்டு. நல்ல காற்றைத் தேடி மலைமேல் நகரங்களையே எழுப்ப அரசாங்கத்திடம் பொருள் இருந்தது. நோயின் காரணத்தைத் தேடியவனிடம் இருந்தவை துருப்பிடித்த கருவியும் பத்து அணாவும். காற்று மாறினால் நோய் மாறும் என்பது ஒரு சிலருக்கு மட்டுமே பயன்பட்ட மருத்துவம். மலையேற வசதியற்ற கோடிக்கணக்கான மக்கள் சமவெளியிலேயே மடிந்தனர். தேங்கிய நீரை அகற்று, கொசுவைத் தடு என்பதோ குடிசைக்கும் பயன்படும் மருத்துவம். எனினும் போராட்டம் முடிந்துவிடவில்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் மலேரியாவால் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ராஸின் பெயர் கட்டடத்தின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. கையை நீட்டிக் கொசுக்கடியை ஏற்ற உசேன் கானின் பெயரையும் அங்கே நிற்பவர் ஒரு முறை உச்சரிப்பது முறையாகும்.

பேகம்பேட்டையிலிருந்து கிழக்கே நகரப் பேருந்தில் சென்றால் சிக்கந்தராபாத்தின் நடுப்பகுதியை அடையலாம். அங்கே மகபூப் கல்லூரி இருக்கிறது. சோறு தேடி வந்த தமிழர் இந்த ஊருக்குத் திருப்பிக் கொடுத்தவற்றுள் தலைசிறந்தது இது. 1862-இல் சோமசுந்தர முதலியார் இதனை ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கினார். பின்னர் அது ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் பெயரால் வழங்கலாயிற்று. தமிழர் தொடங்கிய பள்ளிக்கு இஸ்லாமிய மன்னர் பெயர். கல்வி ஆங்கிலத்திலும் நாட்டு மொழியிலும். பாளையத்து வாழ்வின் கலப்புத் தன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் இங்கே ஓர் இளந்துறவி பேசினார். மேல்நாட்டுக்குத் தாம் செல்லக் கருதும் நோக்கம் பற்றியது அப்பேச்சு. கேட்க வந்தோர் ஆயிரவர். ஐரோப்பியர் பலரும் அவர்களுள் இருந்தனர். பேசியவர் சுவாமி விவேகானந்தர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1890-இல், அவர் பெயர் அறியப்படாத பரிவிராஜகராக அல்மோராவின் பாதைகளில் நடந்துகொண்டிருந்தார். பெரும்பாலும் கால்நடை, அடுத்த வேளை உணவு யார் தருவாரோ என்பது தெரியாது. அங்கிருந்து தெற்கே குமரி வரை வந்து, சென்னையில் தங்கி, அன்பர்கள் அழைப்பால் ஐதராபாத் வந்தார். கோல்கொண்டாவையும் சார்மினாரையும் கண்டார். பெருங்கூட்டத்தின் முன் தம் எண்ணத்தை எடுத்துரைக்க அவருக்கு வாய்த்த முதல் மேடைகளுள் ஒன்று மகபூப் கல்லூரி. பின்னர் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் தோழர்களும் வீடு வீடாகச் சென்று அவர் பயணத்துக்குப் பொருள் திரட்டினர். மே 31-இல் அவர் பம்பாயில் கப்பலேறினார்.

அல்மோராவில் பிறந்தவர் ஒருவர், அல்மோராவில் நடந்தவர் ஒருவர். நான்கு ஆண்டு இடைவெளியில் இருவருடைய வாழ்வும் திரும்பிய இடம் இந்தப் பாளையத்து ஊர். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். ஆயினும் சாலைகள் மனிதரைக் கொண்டுவந்து சேர்க்கும் விதத்துக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மாலையில் உசேன் சாகர்க் கரையை அடையலாம். 1562-இல் இப்ராகிம் குதுப் ஷாவின் ஆட்சியில் உசேன் ஷா வலி என்பவரின் மேற்பார்வையில் இவ்வேரி வெட்டப்பட்டது. இதன் கரை, தெற்கே 1591-இல் சார்மினாரை நடுவாக வைத்து எழுந்த நகரத்தையும், வடக்கே பாளையத்து நகரத்தையும் நெடுங்காலம் பிரித்தும் இணைத்தும் நின்றது. 1960-இல் இரு நகராட்சி மன்றங்களும் ஒன்றாயின. கன்டோன்மென்டு மட்டும் தனி ஆட்சியாக நீடித்தது. அதன் குடியிருப்புப் பகுதிகளை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சு அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ளது. போவன்பள்ளி வழியாக மேம்பாலச் சாலை ஒன்றுக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஊர் வளர்வதைத் தடுக்க யாராலும் இயலாது, தடுக்கவும் வேண்டா.

ஆனால் வளரும் ஊர் எதை மிதித்துக்கொண்டு வளர்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். கல் வட்டம் ஒன்று, மருத்துவக் கூடம் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. மூன்றும் அரண்மனைகள் அல்ல. மூன்றையும் பார்க்கப் பேருந்துக் கட்டணமும் காலில் வலிமையும் போதும். இவற்றைக் காப்பதற்கும் பெருஞ்செலவு ஆகாது; இவை இன்னவை என்று அறிந்த மக்கள் அக்கம்பக்கத்தில் நூறு பேர் இருந்தால் போதும். ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஹஸ்மத்பேட்டைக்குச் சென்று, அந்தக் கற்களை எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும். அடுத்த ஆண்டும் எண்ணட்டும். எண்ணிக்கை குறைந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு என்பது தெரிந்தால், கற்கள் நிற்கும்.